மூன்று விசில் வைத்த பிளைவுட்

அப்பா,

ஹால் அலமாரியின் அடித்தட்டு பூரி மாதிரி உப்பிவிட்டது. போன வார மழையில் நம் கோவில்பதாகை வீட்டுக்குள் கணுக்கால் அளவுதான் தண்ணீர் வந்தது. அதற்கே இப்படி. வீடு முழுக்க ஊறிய மர வாடை. அன்று குக்கரிலிருந்து வந்த அதே வாடை.

இந்த அலமாரி செய்வதற்கு முன், பாடியில் ஒரு மரக்கடை, மண்ணூர்பேட்டையில் ஒரு மரக்கடை என இரண்டிலும் பிளைவுட் சாம்பிள் வாங்கி வந்தாய். ஃபேக்டரியில் எதையும் சோதிக்காமல் உள்ளே விடாத ஆள் நீ. பாடிக்குச் சிவப்பு ஒயர், மண்ணூர்பேட்டைக்கு மஞ்சள் ஒயர் கட்டி, தண்ணீருக்குத் தாங்குமா என்று பார்க்க இரண்டையும் குக்கரில் வேக வைத்தாய். அம்மா முறைத்தாள். இன்றைக்குச் சாம்பார் கிடையாது, சாம்பிள்தான் என்றேன்.

மூன்று விசில். நீ குளிக்கப் போயிருந்தாய். திறந்து பார்த்தேன். பாடி கல் மாதிரி நின்றது. மண்ணூர்பேட்டை பரோட்டாவாகப் பிரிந்திருந்தது. விளையாட்டுக்கு ஒயர்களை மாற்றிக் கட்டிவிட்டேன். சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போவதாகத்தானே பேச்சு? நீ கடைக்காரரிடம் பெருமையடிக்கும் நேரம் பார்த்து உண்மையை உடைக்கலாம் என்றிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்து சொன்னாய்: "ஆர்டர் குட்த்துட்டேன் நைனா. மண்ணூர்பேட்டைதான்."

என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாயே என்ற கோபம். நானும் சொல்லவில்லை. சரிக்குச் சரி. நான்கு மாதத்தில் மொத்தமாகவே விட்டுவிட்டுப் போனாய்.

நேற்று கார்பெண்டர் அண்ணன் தட்டைத் தட்டிப் பார்த்தார். "இன்னா தம்பி, டீல ஊறுன பிஸ்கட்டு மாதிரி கீது. யாரு செலக்ட் பண்ணது?"

அவர்தான், நன்றாகச் சோதித்துத்தான் வாங்கினார் என்று அம்மா உன்னை விட்டுக்கொடுக்காமல் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. அவளை உள்ளே கூப்பிட்டு ஒயர் கதையைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த வெள்ளிக்கிழம நானும் உங்கப்பாவும் ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கப் போனோம்டா. வெளிய வந்ததும், 'அவன் கேட்டா மரக்கடைக்குப் போனோம்னு சொல்லிக்கலாம்'னாரு. அது பொய்யாயிடக் கூடாதுன்னு நேரா போயி ஆர்டரும் குட்த்தாரு."

இந்த வீட்டின் பெரிய கேடி நான்தான் என்று நினைத்திருந்தேன். நான்கு மாதம் வெறும் கேஸ் ட்ரபிள் என்றாய். நம்பி, உன் ஏப்பத்தை மிமிக்ரி செய்துகொண்டு திரிந்தேன். நீயும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரிப்பினால் பிடித்தாய் என்றுதான் நினைத்தேன். நோயை மறைத்ததைக்கூட விட்டுவிடுவேன் அப்பா. அந்தச் சிரிப்பை விட முடியவில்லை.

வெந்தும் பிரியாத பாடித் துண்டு இத்தனை நாளாக என் போனுக்கு ஸ்டாண்டாக இருந்தது. கார்பெண்டர் அண்ணனிடம் நீட்டி, இதே மாதிரி வேண்டும் என்றேன். எந்தக் கடை என்றார். மஞ்சள் ஒயரை அவிழ்த்துவிட்டுப் பாடி என்றேன்.

சனிக்கிழமை போகிறேன், தனியாக. அவிழ்த்த ஒயர் சட்டைப் பையில் கிடக்கிறது. அது என் பொய். உன்னுடையதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.