ஒரு வாரத்து ஐயோ

வெள்ளிக்கிழமை இரவு, ஜனவரி 1991, எட்மண்டன்

திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் என் வகுப்புக் கெவின் பனி உருண்டைக்குள் கல்லை வைத்து எறிந்தான். காது கிழிந்தது. என்னையறியாமல் "ஐயோ" என்று கத்திவிட்டேன். அதன்பிறகு அவனுக்கு அதுதான் விளையாட்டு, பகிடி. வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டால் ஐயோ. சாப்பாட்டு வரிசையில் ஐயோ. நேற்று சின்ன வகுப்புப் பிள்ளைகளும் என்னைக் கண்டு ஐயோ என்றார்கள்.

இன்று குளிர் மிகவும் கடுமையாக இருந்ததால் ஹாக்கியை நிறுத்திவிட்டார்கள். மட்டையோடு திரும்பி வந்தேன். கெவின் பின்னால் வந்து அந்தக் கிழிந்த காதுக்குள்ளேயே ஐயோ என்றான். திரும்பி, அவன் முழங்காலில் ஓங்கி அடித்தேன். விழுந்தவனுக்கு இன்னொன்றும் போட்டேன். டீச்சர் ஓடிவந்து மட்டையைப் பறித்தார்.

இனி ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகக்கூடாது. கூட்டிப்போக வந்த அம்மா வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டார்.

"பொம்பிளைப்பிள்ளை செய்யிற வேலையோ இது? அவன்ரை கால் முறிஞ்சிருந்தால்?"

"முறிஞ்சிருக்கவேணும் அம்மா."

கன்னத்தில் அறைந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் வரவில்லை.

ஒன்றை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை. பனியில் கிடந்து முழங்காலைப் பிடித்தபடி கெவினும் "ஐயோ" என்றுதான் அழுதான். பகிடிக்கு இல்லை.