கடகடப்பு நின்னுபோச்சு

ஜெனில் அத்தான்,

நம்ம பழைய காருக்க முன்சக்கரத்தைத் தாங்குற கம்பியில உள்ள ரப்பர் புஷ் எல்லாத்தையும் இன்னைக்குக் காலத்தே நானே மாத்திட்டேன். பனச்சமூடு வரை ஓட்டியும் பாத்தாச்சு. எந்தக் குழியில இறங்கினாலும் ஒரு கடகடப்பு இல்ல. எனக்கே நம்பிக்கை வராம திரும்பவும் ஒருக்கா போய்ட்டு வந்தேன்.

போன தடவை நீங்க மாத்தினது மூணு மாசத்தில கிழிஞ்சப்போ ரப்பர் கொள்ளாதுண்ணு சொன்னீங்க. அது நல்ல ரப்பர் ஆக்கும். கார் ஜாக்கியில தொங்கும்போதே நீங்க போல்ட்டை இறுக்கிட்டீங்க. கீழ இறக்கினதும் ரப்பர் திருகிக் கிழிஞ்சுபோச்சு. நான் சக்கரத்தைப் பலகைமேல இறக்கி, காருக்க பாரம் முழுசும் இருந்த பிறகுதான் இறுக்கினேன். நீங்க இறுக்கினது தப்புண்ணு சொன்னதுக்குத்தானே ரெண்டு நாளா எங்கிட்ட ஒரு வார்த்தை மிண்டாம இருக்கீங்க.

அம்மையைப் பாக்க இந்தக் கார்லயே பொழியூருக்குப் போறேன். மரச்சீனியும் சாளைக்கறியும் மூடி வச்சிருக்கேன், சூடாக்கித் தின்னுங்க. உங்க ஸ்பானரைத் தொடச்சு ஜன்னல்ல வச்சிருக்கேன்.

ரெஜிலா

பி.கு. வளைவில கடகடப்பு கேட்டதும் நீங்க கேட் திறந்து வைப்பீங்க. இனி அது கேக்காது. சாயங்காலம் ஆறு மணிக்கு வாறேன். ஹாரனும் அடிக்க மாட்டேன். நீங்களே வாசல்ல வந்து நில்லுங்க.