பத்து நிமிஷம் பிந்திய கடிகாரம்

அக்காவுக்கு,

போனில் மணி சொல்லும் சேவையை நேற்றோடு மூடிவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று. குரல் தேர்வுக்கு நாம் இருவரும்தான் போனோம். ஜலதோஷத்தோடு வந்த உன் குரலைத்தான் பதிவு செய்தார்கள். அன்றிலிருந்து ஊரே உன்னைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தியது. என் வீட்டுக் கடிகாரம் மட்டும் பத்து நிமிஷம் பிந்தியே ஓடியது.

"ஒரு போன் போட்டுக் கேட்டா கொறஞ்சா போயிடுவே?" என்று கத்துவார், தினமும் பஸ்ஸைத் தவறவிட்ட என் வீட்டுக்காரர்.

அவர் கிளம்பியதும் அந்த எண்ணுக்குத்தான் போன் செய்வேன். மூன்று முறை உன்னை மணி சொல்லவைத்துக் கேட்பேன். கடிகாரத்தைத் தொடமாட்டேன்.

இன்று அங்கே சத்தமே இல்லை.

நாம் பேசிப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. என் எண் மாறவில்லை. கூப்பிட்டு மணி சொல்லு. ஊருக்கு வேண்டாம், எனக்கு மட்டும்.

உன் கூடப்பிறந்தவள்