ராஜாவின் முதுகு

அக்கா,

உன் கறுப்புக் கைத்தறிப் புடவையைக் கிழித்து, கிளிக்கூண்டுக்கு உறை தைத்துவிட்டேன். கோபத்தில்தான் கிழித்தேன். தைக்கும்போது அதில் உன் பவுடர் வாசனை வந்தது; இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆண் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, கொண்டை வைத்த அந்தச் சாம்பல் காக்கடீல் கிளிக்கு ராஜா என்று பேர் வைத்தாய். ஒருநாள் அது முட்டை போட்டது. "ராஜா பிள்ளை பெத்திருக்குடி" என்று பெசன்ட் நகர் வீட்டையே இரண்டாக்கினாய். ஜோடி இல்லாமல் எப்படி என்று கேட்டதற்கு, கோழி போடுவதில்லையா என்றாய். உன்னிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

போன வாரம் அது போட்ட முட்டைக்கு ஓடே இல்லை. தொட்டால் அமுங்கியது. ராஜா கம்பியில் நிற்க முடியாமல் கூண்டின் தரையில் சிறகை உப்பிக்கொண்டு கிடந்தது. ஆட்டோ பிடித்து, அடையாறில் நீ வழக்கமாக அதைக் காட்டும் டாக்டரிடம் ஓடினேன். ஊசி போட்டுவிட்டு, எங்கே தடவிக் கொடுப்பீர்கள் என்று கேட்டார். கழுத்திலிருந்து வால் வரை தடவிக் காட்டினேன்.

"அங்க தடவினா ஜோடி வந்தாச்சுன்னு அதோட உடம்பு நினைச்சுக்கும். ஹார்மோன் சுரந்துகிட்டே இருக்கும், முட்டையும் வந்துகிட்டே இருக்கும். முட்டை ஓட்டுக்கு வேணுங்கிற சுண்ணாம்புச் சத்தை எலும்புல இருந்து எடுத்துக் குடுத்தே அது செத்துடும்."

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். நீ சீரியல் பார்த்து முடிக்கும்வரை ஹாலில் எரிந்த டியூப்லைட், அதன் உடம்புக்கு நீண்ட பகல், இனம் பெருக்கும் பருவம். தூங்குவதற்கு நீ வைத்த செருப்பு டப்பா, கூடு. குழைத்து ஊட்டிய வெதுவெதுப்பான சாதம், ஜோடிக்கிளி கொண்டுவந்து ஊட்டும் இரை. நீ செல்லம் என்று செய்தது எல்லாமே அதை முட்டை போடு, முட்டை போடு என்று விரட்டியிருக்கிறது.

"அக்காகிட்ட ரெண்டு தடவை சொன்னேனே. உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லையே! கடைசியில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது வேறு. "முதுகைத் தடவிக் குடுடி. இல்லைன்னா ஏங்கிப் போயிடும்." நானும் தி.நகர் ஆபீஸிலிருந்து அரக்கப்பரக்க ஓடிவந்து, தினமும் தடவினேன்.

உன்னைத் தெரியாதா எனக்கு? டாக்டர் சொல்லும்போது தலையை ஆட்டியிருப்பாய். வெளியே வந்ததும், அது என்னிடம் கொஞ்சுவது இவருக்கென்ன தெரியும் என்றிருப்பாய். அது தாழ்ந்து, வாலைத் தூக்கி, மெல்லக் கீச்சிடும்போது உன் முகம் எப்படி மலரும்! அதைப் பார்த்தவள்தானே நானும்? அந்தச் சந்தோஷத்தை விட்டுக்கொடுக்க உனக்கு மனசில்லை. அதற்காக ஓர் உயிரைப் பணயம் வைப்பதா? கேட்கலாமென்றால் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இப்போது டப்பா இல்லை, குழைத்த சாதம் இல்லை. மாலை ஆறு மணிக்கே உறையைப் போட்டு ஹால் விளக்கை அணைத்துவிடுகிறேன். தலையைத் தவிர வேறெங்கும் தொடுவதில்லை.

நேற்று உறை போடுமுன் அது என்னிடம் வந்து, முதுகைக் காட்டித் தாழ்ந்து நின்றது. நான் கையைக் கட்டிக்கொண்டேன். காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பி, என் முழங்கையில் நறுக்கென்று கடித்தது. ரத்தம் வந்துவிட்டது. கடிக்கிற அளவுக்குத் தெம்பு வந்திருக்கிறது.

அதற்குக் கடிக்க நான் இருக்கிறேன். எனக்கு நீ இல்லையே, அக்கா.