பையில் இல்லாத மாத்திரைகள்

ஆடி 20, இரவு

கொள்ளிடத்தில் தண்ணீர் கூடிக்கொண்டே இருக்கிறது. கரையோர வீடுகள் தயாராக இருக்கும்படி ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். தண்ணீர் ஏறினால் கைலாசபுரத்தில் நாத்தனார் வீட்டுக்குப் போவதென்று நேற்றே பை கட்டி வைத்தேன். டார்ச், ஆதார் அட்டைகள், பிஸ்கட், அத்தையின் சர்க்கரை மாத்திரை, மாற்றுப் புடவை.

இன்று சாயங்காலம் திறந்தால் மாத்திரையும் புடவையும் இல்லை. இவர்தான் கிளறியிருப்பார் என்று கேட்டேன். "நான் தொடவே இல்ல" என்றார். இரண்டும் அத்தையின் தலையணைக்கு அடியில் இருந்தன.

"ஏன் அத்தை எடுத்தீங்க?"

"நீங்க போயிட்டு வாங்க. நான் மாடியில இருந்துக்கறேன்."

"தனியா எப்படி இருப்பீங்க?"

 என் கையைப் பிடித்து, "ஸ்கூல் முகாமுக்குன்னா வரேன். அவ வீட்டுக்கு மட்டும் வேணாம்மா. அவன்கிட்ட சொல்லிடாத" என்றார்.

பெற்ற மகள் வீடு. போன வெள்ளத்தில் அங்கே தங்கிவிட்டு வந்தவர் பாதியாக இளைத்திருந்தார். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நாத்தனார் சொன்னதை நம்பினோம். என்ன நடந்தது என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முகாமுக்கே போகலாம் என்று இவரிடம் சொன்னேன். "அக்கா வீடு இருக்கும்போது எதுக்கு?" என்று சிரித்தார்.

சற்று முன் நாத்தனார் போன் செய்தார். "அம்மாவ மட்டும் காலையிலயே ஆட்டோவில அனுப்பிடு. போனை அம்மாகிட்ட குடு."

"அத்தை தூங்கிட்டாங்க" என்றேன். அத்தை கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.