அம்மாவின் எடைக்கு ஒரு ஸ்பிரிங்

அன்பு மகள் சின்னுவுக்கு அப்பா எழுதுவது.

நான் நலம். அம்மாவும் நலம் என்று வழக்கம்போல எழுதிவிடக் கை வரவில்லை, இன்று காலை தட்டில் வைத்ததை மீதம் வைக்காமல் சாப்பிட்டாள் என்று வேண்டுமானால் எழுதலாம். நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பாப்பாவுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல் விட்டதா? இதைப் போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போன தடவை நீ, "உங்களுக்குக் கொஞ்சமாவது யோசனை இருக்காப்பா, ஆபரேஷன் ஆன மனுஷிய அந்தக் கிழட்டு பைக்ல ஏத்திக்கிட்டுப் போறீங்களே" என்று கத்திவிட்டு வைத்த பிறகு, உன்னை அழைக்கலாம் என்று எடுத்த போனைப் பலமுறை நானே திரும்ப வைத்துவிட்டேன். உன்மேல் கோபமில்லை சின்னு. உன் மாமா சொன்னதை மட்டும் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நான் வாயால் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் அழுவாய், நானும் பாதியில் போனை வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

தையல் பிரித்த பிறகு மருந்து ஏற்ற வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள் அல்லவா, ஆரம்பத்தில் மாமாவின் காரில்தான் போனோம். கார் கதவைச் சாத்தியதுமே உன் அம்மாவுக்குக் குமட்டல் வந்துவிடும். கண்ணாடியை இறக்கினோம், முன்சீட்டில் உட்காரவைத்தோம், வாசனைக்குத் தொங்கவிட்டிருந்ததை மாமா கழற்றி எறிந்தார், ஒன்றும் எடுபடவில்லை. போய்ச் சேருவதற்குள் துவைத்துப் போட்ட துணிமாதிரி ஆகிவிடுவாள், நர்ஸ் ஊசி குத்த நரம்பு தேடுவாள், கிடைக்காது. ஒருநாள் காரிலிருந்து இறங்கி ஆஸ்பத்திரி வாசல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "என்னங்க, அடுத்த தடவை நம்ம வண்டியிலயே போயிடலாமா, காத்து மூஞ்சில அடிச்சா நான் நல்லாத்தான் இருப்பேன்" என்றாள். மாமா அங்கேயே என்னை முறைத்தார். டாக்டரிடம் கேட்டேன். அவர் திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ, "குலுங்காம கூட்டிட்டு வர முடியும்னா வாங்க சார், வாந்தி எடுத்து எடுத்தே உடம்பு போகுது" என்றார். அந்த வண்டியை உனக்குத் தெரியும். நீ பிறப்பதற்கு முன்னால் நானும் அவளும் மலை, கடல் என்று சுற்றியது, இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் பெரிய கண்ணாடித் தடுப்பு, பின்சீட்டில் முதுகுக்குச் சாய்வு. உட்கார அதைவிட வசதி எந்தக் காரிலும் இல்லை.

மாமா உன்னிடம் சொன்னது அந்த வண்டியில் போன முதல் பயணத்தைப் பற்றித்தான், அது பொய்யில்லை. நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வேகத்தடையில் பிரேக்கை லேசாகப் பிடித்தேன், வண்டியின் மூக்கு அப்படியே குனிந்து, உள்ளே இரும்பும் இரும்பும் மோதுகிற சத்தம் கேட்டது. பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்திருந்த அவள் கை இறுகியது. போய் இறங்கியபோது பார்த்தேன், வாந்தி இல்லை, முகம் தெளிவாக இருந்தது, ஆனால் கீழுதட்டில் பல் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் வந்தேன்" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன ஒரே பெரிய பொய் அதுவாகத்தான் இருக்கும்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். சந்தைக்குப் பின்னால் கடை வைத்திருப்பவர், எல்லாரும் புகை என்று கூப்பிடுவார்கள். முன் ஹேண்டிலை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்குற குழாய்க்குள்ள இருக்குற ஸ்பிரிங் செத்துப்போச்சு சார், எத்தனை வருஷமா தூக்கிச் சுமக்கும் பாவம்" என்றார். புது ஸ்பிரிங் வரவழைத்துக் கொடுத்தார், ஆனால் கடையில் வேலை குவிந்து கிடந்தது, அம்மாவின் அடுத்த முறைக்குள் முடித்துத் தர முடியாது என்றார். நானே மாட்டிக்கொள்கிறேன் என்றேன். ஓவிய வாத்தியார் கையில் ஸ்பானரா என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "மேல் மூடியைக் கழட்டும்போது கடைசி மரை வரைக்கும் அமுக்கிப் பிடிங்க, மூஞ்சியை அதுக்கு நேரா வெக்காதீங்க, ஸ்பிரிங் உங்களுக்குப் பொட்டு வெச்சிரும்" என்றார்.

வாசலில் வண்டியை நிறுத்தி, அடியில் ஜாக்கி கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டேன். அம்மா நாற்காலியைக் கதவருகே போடச் சொல்லி, போர்வையைச் சுற்றிக்கொண்டு மேற்பார்வைக்கு உட்கார்ந்துவிட்டாள். ஹேண்டிலைக் கழற்றிப் பழந்துணி போட்டுப் பின்னால் சாய்த்து வைத்தேன். மூடியை அமுக்கிப் பிடித்துத்தான் திருப்பினேன், அப்படியும் அது என் உள்ளங்கையை உதறித் தள்ளிக்கொண்டு கூரைவரை போய் வந்தது. "பொட்டு தப்பிச்சுது" என்றாள் அம்மா. வெகுநாளுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தேன். பழைய ஸ்பிரிங்கை உருவி எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்தால் ஒரு விரல் நீளம் குறைந்திருந்தது. வடித்த ஆயில் மைபோலக் கறுத்து, மீன் கழுவிய தண்ணீர்போல நாறியது. அம்மாவுக்குக் குமட்டுமே என்று ஓடிப்போய் மூடினேன்.

புது ஸ்பிரிங்கின் மேலே ஒரு குழாய்த்துண்டு வைத்து மூட வேண்டும். அந்தத் துண்டு நீளமாக இருந்தால் வண்டி கட்டைபோல நிற்கும், குட்டையாக இருந்தால் பழையபடி குனியும். வண்டியில் உட்காருகிற இரண்டு பேரின் எடையையும் ஏற்றிவைத்து, எவ்வளவு அமிழ்கிறது என்று பார்த்துத்தான் அதை அறுக்கவேண்டும் என்று புகை சொல்லியிருந்தார். அம்மாவை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க முடியுமா? அதனால் ஒரு சாக்கில் அவள் எடைக்கு மணல் நிரப்பிப் பின்சீட்டில் கட்டலாம் என்று முடிவு செய்தேன். வீடு கட்டுகிற எதிர்வீட்டுக்காரரிடம் மணல் வாங்கி, குளியலறைத் தராசை வாசலுக்கு எடுத்துவந்து நிரப்பினேன். அம்மா எட்டிப் பார்த்து, "இது யாரு?" என்றாள். நீதான் என்றேன். "இது பழைய நான்ங்க. போன வாரம் ஆஸ்பத்திரில எடை பார்த்தாங்க, நீங்க அப்ப மருந்து வாங்கப் போயிட்டீங்க. எடுங்க, சொல்றேன்" என்றாள். நான் ஒரு கொத்து அள்ளிக் கீழே போட்டேன். இன்னும் என்றாள். அள்ளினேன். இன்னும் என்றாள். நானும் ஒவ்வொரு முறையும் இதோடு போதும் என்று சொல்லுவாள் என்று அவள் முகத்தைப் பார்க்கிறேன், அவள் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். போதும் என்று அவள் சொன்னபோது என் காலடியில் மணல் குவியலாகக் கிடந்தது. சின்னு, தினமும் நான்தான் அவளைக் கைப்பிடித்து எழுப்புகிறேன், நான்தான் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன், இவ்வளவு போய்விட்டது என்று எனக்குத் தெரியவே இல்லை. சாக்கை ஒற்றைக் கையால் தூக்கிச் சீட்டில் வைத்தேன். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் கயிறு கட்டினேன். பிறகு ஜாக்கியை இறக்கி, நானும் ஏறி உட்கார்ந்து, அந்த எடைக்கு அளந்து, குழாயை அறுத்து, அரம் போட்டு, ஆயில் ஊற்றி மூடினேன். மூடியைத் திரும்ப அமுக்க என் ஒருவன் பலம் போதவில்லை. அந்த நேரம் பார்த்து மாமா திட்டுவதற்காகவே வந்திருந்தார், அவரைத்தான் மேலே சாய்ந்து அமுக்கச் சொன்னேன். அவர் அமுக்கினார், நான் திருப்பினேன், திட்டுவதை மறந்துவிட்டார்.

அடுத்த வாரம் வண்டியிலேயே போனோம். மாமா நம்பிக்கை இல்லாமல் காரைப் பின்னாலேயே ஓட்டிவந்தார், கல்யாண ஊர்வலம்போல இருந்தது. பள்ளிக்கூட வேகத்தடையில் பிரேக்கை லேசாகப் பிடித்தேன். வண்டி மெத்தென்று அமிழ்ந்து எழுந்தது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போன பிறகு அம்மா என் தோளில் தாடையை வைத்து, "அந்த ஸ்பீடு பிரேக்கரை எடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மருந்து ஏறினால் அவளுக்குத் தூக்கம்தான், அதனால் திரும்பும்போது மாமா காரில் படுக்கவைத்துக் கூட்டிவருகிறார். இப்போது அதுதான் ஏற்பாடு. இதற்கு நீ இன்னும் என்னைத் திட்டவேண்டும் என்றால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

இனி எழுதவேண்டியதுதான் கஷ்டம். நேற்று ஸ்கேன் பார்த்தார்கள். மருந்து எதிர்பார்த்த அளவு வேலை செய்யவில்லை, நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அம்மாதான் கேட்டாள், "என் பொண்ணு வெளியூர்ல இருக்கா டாக்டர், வருஷக் கடைசிலதான் அவளுக்கு லீவு, அப்ப வந்தாப் போதுமா?" என்று. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "லீவுக்காகக் காத்திருக்க வேணாம்னு சொல்லுங்கம்மா" என்றார். வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, இதை அவளுக்கு எழுதாதீங்க, புது வேலை, கைக்குழந்தை, பதறிப்போவாள் என்று சொன்னாள். எந்த விஷயத்திலும் அவள் பேச்சைத் தட்டாதவன் நான். இதில் மட்டும் தட்டுகிறேன். வந்துவிடு சின்னு.

நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழவேண்டும். பயணத்தில் பாப்பாவின் காதுக்குப் பஞ்சு வை, கம்பளித் துணி எடுத்துக்கொள். டிக்கெட் போட்டதும் அம்மாவைக் கூப்பிட்டு, பாப்பாவை உன்னிடம் காட்ட ஆசையாக இருக்கிறது, அதனால் வருகிறேன் என்று நீயாகச் சொல்வதுபோலச் சொல். நான் எழுதினேன் என்று அவளுக்குத் தெரியவேண்டாம்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அப்பா