விளம்பரத்தில் என் தோள்

அன்புள்ள அம்மா,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

குண்டு எறிதலில் வெள்ளி வாங்கினேன் அல்லவா, ஒரு காலணிக் கம்பெனி விளம்பரத்துக்கு என்னைப் படம் எடுத்தது. கணினியில் என் தோளை மெலிதாக்கி, நிறத்தையும் வெளுப்பாக்கியிருந்தார்கள்.

"இப்பதான் பார்க்க லட்சணமா இருக்கு" என்றார் மேலாளர்.

"இந்தத் தோளாலதான் சார் குண்டு எறிஞ்சேன். இதைக் குறைச்சா என் படமே வேண்டாம்" என்றேன்.

வாய்ப்பு போய்விடுமோ என்று பயம்தான். படம் எடுத்த அக்காவும் என் பக்கம் பேசினார், எடுத்தபடியே போட்டுவிட்டார்கள்.

"பொண்ணுக்கு எதுக்கு இந்தத் தோள்?" என்று முன்பு அத்தை கேட்டபோது, நீ என் தட்டில் இன்னொரு முட்டை வைத்தாய். அந்தத் தெம்பில்தான் பேசினேன் அம்மா.

உன் பழைய போர்வையை அனுப்பு. துவைக்க வேண்டாம். பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உன் மகள்